ஈரோட்டுக்காரர் வண்டி

காரமடைக்கு மேற்கே கறிவேப்பிலைக் காடு வைத்திருக்கும் நஞ்சுண்டனுக்கு ஐம்பது வயது. பாம்புக்குப் பயப்பட மாட்டார், காட்டுப்பன்றிக்குப் பயப்பட மாட்டார். தன் கையால் ஓர் உயிர் போய்விடுமோ என்ற பயம் மட்டும் போன தை மாதம் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பயத்தை அவரேதான் விலை பேசி, டீசல் போட்டு, வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

இருபது வருஷமாக மொபெட்டில்தான் கறிவேப்பிலைக் கட்டுகளை மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, மனைவி கீதாவின் நச்சரிப்பு தாங்காமல், உக்கடத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் சுஃப்யானிடம் போனார். அங்கே வெள்ளை பிக்கப் ஒன்று நின்றது. ஈரோட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றிய வண்டி. எத்தனை கழுவியும் உள்ளே மஞ்சள் வாசம் போகவில்லை. நல்ல நேரம் தப்பிவிடக் கூடாது என்று அவசரமாக அட்வான்ஸைக் கொடுத்த பிறகுதான், முன் பம்பர் மட்டும் புத்தம் புதுசாக இருப்பதைக் கவனித்தார். மனுஷன் கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்க்கவில்லை.

"மறைக்க மாட்டேனுங்ணா," என்றார் சுஃப்யான். "ஈரோட்டுக்காரரு குடோன்ல வண்டிய நிறுத்தப் போயி, வேலைக்கு வந்த ஒரு அம்மாவச் சுவத்தோட சேத்தி இடிச்சுப்போட்டாரு. உசுரு பொழச்சுது, ஒரு காலு போச்சுங்க. பிரேக்க மிதிச்சேன், எறங்கவே இல்லைன்னு சத்தியம் பண்றாரு. மூணு மெக்கானிக்க வெச்சுப் பாத்தோம், ஒரு கோளாறும் இல்லீங்ணா. வேண்டாம்னா சொல்லுங்க, அட்வான்ஸத் திருப்பித் தந்தர்றேன்."

நல்ல நேரத்தில் கொடுத்த பணத்தை ராகு காலத்தில் திருப்பி வாங்குவதா? அதற்கும் பயம். வண்டியை வாங்கிவிட்டார்.

காரமடை மெக்கானிக்கும் பார்த்துவிட்டு பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னார். அதுதான் நஞ்சுண்டனின் பயத்தை இன்னும் கூட்டியது. கோளாறு இருந்தால் சரி செய்துவிடலாம். இல்லாத கோளாறை எந்த ஸ்பேனரால் திருகுவது? மேட்டுப்பாளையம் ரோட்டில் பத்தடிக்கு ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்தபடியே போவார். பின்னால் வரும் பஸ்காரர்கள் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு தாண்டுவார்கள். ரோட்டோரம் ஒரு பெண் நடந்து போனால் போதும், அவர் வலது கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

கடைசியில் மாகாளியம்மன் கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோனார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அம்மன் மடியில் இருந்த ஐந்தாவது பழத்தைப் பூசாரி எடுத்து இவர் கையில் கொடுத்தார். நஞ்சுண்டன் அதை டேஷ்போர்டில், அம்மன் படத்துக்கு முன்னால், பூச்சரத்தைச் சுருட்டி அதன் நடுவில் உட்கார வைத்தார். நாற்பது நாள் ஒரு கீறல்கூட விழவில்லை. நஞ்சுண்டனுக்கு மெல்ல மூச்சு வந்தது. நாலாவது கியரைக்கூடப் போட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, பழம் காஞ்சு கொட்டப்பாக்காட்டம் ஆயிருச்சு. மாத்துங்க," என்றாள் கீதா.

"சும்மா இரு புள்ள. அதுதான் காப்பாத்துது."

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், வாடிப்போன சரத்தை மட்டும் எடுத்துப் போட்டார். மார்க்கெட் போய்த் திரும்பும்போது புதுப் பூ வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவர், மறந்தே போனார்.

வீட்டுக்கு ரோட்டிலிருந்து ஒரு மேடு ஏறி, பிறகு களத்துக்குச் சரிந்து இறங்க வேண்டும். வழக்கம்போல கீதா சாளை வீட்டுச் சுவரோரம் நின்று, வாங்க வாங்க என்று கையைக் காட்டினாள். வண்டி மேடேறி மூக்கைத் தூக்கியது. காலடியில் ஏதோ டொக்கென்று விழுந்தது. சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தார். இறங்கவில்லை. மறுபடி மிதித்தார். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. கீதா இன்னும் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நவுரு புள்ள!"

அவள் நகரவில்லை. என்ன சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தாள். நஞ்சுண்டன் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடுங்குகிற மாதிரி இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது. பம்பருக்கும் கீதாவின் சேலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அவரால் இறங்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார். கீதாதான் கதவைத் திறந்து, குனிந்து, பெடலுக்கு அடியில் கையை விட்டாள். அம்மன் பழம் வந்தது. அதன் தோலில் பெடலின் வரிகள் ஆழமாகப் பதிந்திருந்தன. இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று சீட்டுக்கு அடியிலும் துழாவினாள். கம்பி இடுக்கில் சிக்கியிருந்த ஒன்றைப் பிடுங்கி எடுத்தாள்.

அதுவும் ஒரு எலுமிச்சம்பழம். கறுத்துச் சுருங்கியிருந்தது, வெடிப்பெல்லாம் மஞ்சள் தூள். அதிலும் அதே வரிகள்.

நஞ்சுண்டன் இரண்டு பழத்தையும் உள்ளங்கையில் வைத்து வரிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சுஃப்யானுக்குப் போன் போட்டார்.

"அந்த ஈரோட்டுக்காரரு மறுக்கா வண்டி வாங்கிப்போட்டாருங்களா?"

"போன வாரந்தானுங்ணா, எங்கிட்டத்தான். பாவம், ரொம்பப் பயந்துபோயிட்டாரு. இந்தத் தடவ ரெண்டு பழம் வெச்சிருக்காரு."

"அவரு நம்பரக் குடுங்க," என்றார் நஞ்சுண்டன். "சீக்கிரம் குடுங்க!"