பவர் டேபிளில் ஒத்திகை

இளங்கலைத் தமிழில் எனக்குப் பாக்கி நின்றது ஒரே பேப்பர், நாடகவியல். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தேன். முப்பத்தெட்டு வயதில், பகலெல்லாம் ஓவர்லாக் மிஷினில் பனியன் தைத்துக்கொண்டு அஞ்சல் வழியில் படிப்பவளுக்கு அங்கம், காட்சி வரைக்கும் புரிந்தது. பாத்திரம் தனியாக நின்று மனத்தில் உள்ளதைச் சொன்னால் தனிமொழி. அதுவும் சரி. பக்கமொழியும் நாடக முரணும்தான் உயிரை வாங்கின. மூன்றாம் தடவையும் போனால் புத்தகத்தைப் பரணில் வீசிவிடுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சும்மா சொன்னதில்லை.

பக்கமொழி என்றால், மேடையில் ஒருவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அவருக்குக் கேட்காததுபோல் பேசுவது. பார்ப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். அதெப்படி, பக்கத்தில் நிற்பவன் என்ன செவிடா என்று எனக்கு எரிச்சலாக வரும். எதிர் மிஷினில் உட்காரும் தேனிக்காரி டீ நேரத்தில் இதைக் கேட்டுச் சிரித்தாள்.

"ஏக்கா, நாம தெனமும் செய்யிறதுதானக்கா இது?"

அருள்புரத்தில் எங்கள் கம்பெனியில், மிஷின்களை வரிசையாகப் பூட்டிய பவர் டேபிளில் எதிரெதிராக உட்கார்ந்து தைப்போம். மிஷின் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம், எதிரில் இருப்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நிற்கும்போது பெரும்பாலும் அவரைப் பற்றித்தான் பேச்சு. ஆள் நெட்டை, தலையில் ஒரு முடி கிடையாது. மொட்டைப்பனை என்று பெயர் வைத்தது நான்தான். அவரும் பாவம், ஒன்றும் தெரியாமல் நூல் பிசிரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கமொழி அன்றைக்கே விளங்கிவிட்டது.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை ஷிப்மெண்ட். அந்த வாரத்தில் ஞாயிறும் வேலை உண்டு. சாவுக்கும் பிரசவத்துக்கும் தவிர லீவு கேட்டு யாரும் வரக்கூடாது என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தார். போன தடவை லீவு போட்டு எழுதித் தோற்றதில் ஷெட்டே என்னைக் கிண்டலடித்தது. மறுபடியும் பரீட்சை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பதினோரு வருடத்துக்கு முன்னால் இறந்துபோன என் அப்புச்சியை, அம்மாவைப் பெற்றவரை, உடுமலைப்பேட்டையில் சாகக்கிடப்பவராகப் படுக்க வைத்தோம்.

வசனம் தேனிக்காரி எழுதியது. மூன்று நாள் மிஷினில் உட்கார்ந்தபடியே, உதட்டாலேயே ஒத்திகை பார்த்தோம். "எடுத்ததுமே அழுகாதக்கா, ரெண்டாவது வரில அழு" என்பாள். அவர் வந்து நின்றாலும் நிறுத்த மாட்டோம்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், மிஷினெல்லாம் நின்றிருந்தபோது அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணா, எங்க அப்புச்சிக்குப் பேச்சு மூச்சு இல்லீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வரச் சொல்லி போன் வந்துச்சுங்க." கண்ணீர்கூட வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வரி சுத்தமாக மறந்துபோனது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "'எடுத்து வளத்த பேத்தி நானொருத்திதானுங்க'ன்னு வரோணும் அம்மணி" என்றார்.

அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"நானும் பதினெட்டு வருசம் ஓவர்லாக்ல உக்காந்தவனுங்க. உதடு அசஞ்சா எனக்குத் தெரியாதுங்களா?"

அப்படியென்றால் இத்தனை வருடப் பேச்சும்? மொட்டைப்பனையும்? நான் தலையைத் தூக்கவே இல்லை. ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"என்னைத் திட்டுறப்பத்தான் உங்க ரெண்டு பேருத்துக்கும் கை வெரசா ஓடுது. எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டனுங்க. போயி பரீட்சை எழுதுங்க. இந்தத் தடவையாச்சும் பாஸ் பண்ணிருங்க."

ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாளில் நாடக முரண் இருந்தது. பார்ப்பவர்கள் அறிந்த உண்மையை மேடையில் நிற்கும் பாத்திரம் அறியாதிருப்பது என்று எழுதினேன். அறியாதவர் அவர் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மேடையில் நின்றது நான். பேனா தானாக ஓடியது, இரண்டு பக்கம் எழுதினேன்.

திங்கட்கிழமை தேனிக்காரி முதன்முதலாக, உதடு தெரியாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு, என் காதருகே வந்து கத்திச் சொன்னாள், நேற்று முழுக்க என் மிஷினில் உட்கார்ந்து என் பங்கைத் தைத்தது அவர்தான் என்று. அந்த மனுசனையா இத்தனை நாள் வைதோம்!

முடிவு வந்தபோது ஷெட் முழு இரைச்சலில் இருந்தது. செல்போனை மடியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். தொலைவில், அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். அவர் பார்க்கும்வரை காத்திருந்து, சத்தமில்லாமல், "பாஸுங்கண்ணா" என்றேன்.

அவர் உதடும் அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாக, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மொட்டைப்பனைக்கு ரொம்பச் சந்தோசமுங்க."