ஆண்கள் மட்டும்

நான் கணக்கு எழுதும் லாரி பாடி பட்டறையின் வாசலில் முன்பு ஒரு தகரப் பலகை தொங்கியது: ‘வெல்டர் தேவை. ஆண்கள் மட்டும்.’ அதன் கீழே நின்றுகொண்டுதான் எருமப்பட்டிப் பெண் ஒருத்தி ஐ.டி.ஐ. சான்றிதழை நீட்டி வேலை கேட்டாள். நாமக்கல்லில் ஆள் கிடைக்காத நேரம், முதலாளி எடுத்துக்கொண்டார். ஆட்கள் கேலிக்கு வைத்த பெயர் வெல்டரம்மா. நானும் பெண்தான். மேசைக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை.

முதல் நாளே, பாடி கட்ட வந்து நின்ற வெறும் வண்டிச் சட்டத்தைக் காட்டி முதலாளி சொல்லிவிட்டார்: “அம்மிணி, கீழ எந்த வேலை வேணாலும் பாரு. புது சேசிஸ் மேல மட்டும் ஏறிப்போடாத. பொம்பள கால் பட்டா வண்டிக்கு ஆகாது.” அவள் தரையில் குந்தி, கதவுகளைப் பற்றவைத்தாள். சம்பள நாளில்தான் தெரிந்தது, அவள் பெயர் ஹெல்பர் வரிசையில் இருந்தது. வெல்டர் கூலி கேட்டாள். மறுத்தார். தொழிலாளர் துறைக்குப் புகார் போனது.

வேலைக்கு எடுப்பதிலும் கூலியிலும் ஆண் பெண் என்று பிரிக்கக் கூடாது என்பது நாடு முழுமைக்குமான சட்டம். முதலாளிக்கும் அது தெரியும். விசாரிக்க வந்த அதிகாரியிடம் பணிவாகவே சொன்னார்: “சட்டம் ஒரே வேலைக்குத்தானுங்களே? மத்த வெல்டருங்க வண்டி மேல ஏறி வேலை பாக்கறாங்க. இந்தப் புள்ள கீழ் வேலைதானுங்க.”

“ஏற உடாம வெச்சதே இவருங்க,” என்றாள் வெல்டரம்மா. “இப்ப ஏறலைங்கறதையே குத்தமாச் சொல்றாருங்க.”

அதிகாரி பதில் சொல்லும் முன்பே முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு புது சேசிஸ் மேல் ஏறிவிட்டாள். முதலாளி பதறினார். “எறங்கு சாமி! வண்டிக்காரரு பாத்தா ஆர்டர் போயிரும்!”

“இந்த வண்டி நெத்தியில யாரு பேருங்க எழுதறீங்க?”

“அங்காளம்மன் பேருதான்.”

“அந்தம்மா மட்டும் மேல ஏறலாமுங்களா?”

பட்டறையே சிரித்தது, அதிகாரியும்தான். அவள் சிரிக்கவில்லை. குறுக்குச் சட்டத்தில் பொறி பறந்தது. அதிகாரியின் உத்தரவில் அந்த மாதமே வெல்டர் கூலி வந்தது. வாங்கிய கையோடு சிவப்புப் பிரைமர் பெயின்ட்டை எடுத்துப்போய், பலகையின் கடைசி இரண்டு வார்த்தைகளைப் பூசி அழித்தாள். முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போனார்.

இப்போது சங்ககிரியில் அவளுக்கே ஒரு பட்டறை இருக்கிறது. இங்கே, எங்களுக்கு எதிரில் புதிதாகத் திறந்த பட்டறையின் வாசலில் இன்று காலை ஒரு பலகை: ‘வெல்டர் தேவை. ஆண்கள் மட்டும்.’ பிரைமர் டப்பாவோடு சாலையைக் கடந்தேன். பாதி அழித்திருந்தபோது உள்ளிருந்து ஒருவர் ஓடிவந்தார்.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?”

“எழுத்துப் பிழைங்க,” என்றேன். மீதியையும் அழித்தேன்.