குவாரி விளிம்பில் வெள்ளரித் தோட்டம்

அன்று யமுனைக் கரையில் இருந்தது நான்கே பேர். மணல் குவாரிகளுக்கு இடம் குறிக்கும் எங்கள் அதிகாரி, குவாரி காண்டிராக்டர், பக்கத்தில் குடிசை போட்டு வெள்ளரி பயிரிடும் ஒரு விவசாயி, எட்டாவதோடு படிப்பை விட்டு அதிகாரிக்குக் கார் ஓட்டும் நான். குவாரியைக் குடிசைப் பக்கம் நீட்டலாமா என்று பார்க்கப் போயிருந்தோம்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். "சார், கரை வெடிச்சிருக்கே" என்றேன்.

"உனக்கு ரோடே வெடிச்ச மாதிரிதாண்டா தெரியும். டேப்பைப் பிடிச்சுட்டு ஓரமா போய் நில்லு" என்று சிரித்தார்.

நின்றேன். "பையா, பீச்சே!" என்று இந்தியில் கத்தியபடி விவசாயி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் நின்ற மண் சத்தமில்லாமல் குவாரிப் பள்ளத்துத் தண்ணீருக்குள் இறங்கியது.

சார் முகம் வெளுத்தது. காண்டிராக்டர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

கிளம்பும்போது விவசாயியிடம் வெள்ளரிக்காய் வாங்கினேன். என்னிடம் சில்லறை இல்லை, போனில் பணம் அனுப்ப அவரிடம் போன் இல்லை. "அடுத்த முறை கொடு, பையா" என்றார்.

"இடம் சரியாத்தான் இருக்கு. தோண்டட்டும்" என்றார் சார், காரில் ஏறியதும். நான் காரைக் கிளப்பினேன்.

மழை முடிந்து தனியாகப் போனேன். குடிசை இருந்த இடத்தில் குவாரிப் பள்ளம், அது நிறையத் தண்ணீர். அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் என் பயத்தைப் பார்த்து யாராவது சிரித்தால், பயம் இன்னும் கூடுகிறது.

அவருக்கு நான் தர வேண்டியது நாற்பது ரூபாய்.