உப்புப் பொட்டலமும் டிக்கோயாத் தவளைகளும்

வாற்பேத்தையாக நீந்தாமல், முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகிவிடும் இனங்கள் நம் மலைக்காடுகளில் இருக்கின்றன. விஞ்ஞானம் படிப்பிக்கும் நான் அவற்றைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். நேரில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று சென்ற ஐப்பசி மழையில் கொழும்பிலிருந்து ரயிலேறினேன்.

ஹட்டனில் இறங்கி, டிக்கோயாவுக்கு பஸ்ஸில் கால் மணி நேரம். அங்கிருந்து தேயிலைக்குள் இரண்டு கிலோமீற்றர் ஏற்றம். அட்டைக்குப் பயந்து உப்புப் பொட்டலம் ஒன்று கொண்டுபோயிருந்தேன். வழியெல்லாம் தூவியும், அட்டைகள் என் செலவில் நன்றாகவே விருந்து சாப்பிட்டன.

தங்கியது தோழியின் அக்கா லெட்சுமியின் வீட்டில். கொழுந்து பறிக்கிறவர். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், காட்டை ஒட்டி, அவருக்கு ஒரு சின்ன மரக்கறித் தோட்டம். போன மாதம் முட்டைக்கோவா முழுவதையும் நத்தை தின்றுவிட்டதாம். லீக்ஸாவது மிஞ்ச வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கொத்து முட்டை வந்தது.

"பாருங்க டீச்சர், நத்த முட்ட. போன வாரம் அந்த ஓரத்துலயும் இதே மாதிரி கெடந்துச்சு. உப்பப் போட்டு ஒழிச்சிட்டேன்" என்று உப்பு டின்னை எடுத்தார்.

எனக்குத் திக்கென்றது. நத்தை முட்டை வெள்ளையாக இருக்கும். இதில் மண் அப்பியிருந்தது; முட்டையை மண்ணில் புரட்டிப் புதைப்பது நான் தேடி வந்த தவளைகளின் வழக்கம். "கொஞ்சம் பொறுங்க அக்கா" என்று ஒன்றை மட்டும் தண்ணீரில் கழுவினேன். உள்ளே இரண்டு கறுப்புக் கண்கள், மடக்கிய கால்கள். ஒரு கால் அசைந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, தவளக் குஞ்சுல்ல இது!" லெட்சுமி அக்கா டின்னைக் கீழே வைத்தார்.

முட்டைகளைக் குழியிலேயே வைத்து ஈரமண்ணால் மூடினோம். அந்த மூலையை விட்டுவிட்டு நட்டதில் லீக்ஸ் ஒரு வரிசை குறைந்தது. "நத்தைய இனி கையால பொறுக்கிக்கிறேன்" என்றார்.

பொழுது சாயும்போது புதர்களில் தவளைகள் 'டிக் டிக்' என்று தொடங்கின. அக்கா மட்டும் போன வாரம் உப்புப் போட்ட ஓரத்தில் குந்தி, விரலால் மண்ணை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னுகூட அசையல, டீச்சர்."



போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் போங்கள். மண்ணைக் கிளறாதீர்கள். அட்டைக்கு நீளக் காலுறையும் அதன்மேல் தேய்த்த சவர்க்காரமும் போதும். உப்பு தவளையின் தோலுக்கும் ஆகாது, முட்டைக்கும் ஆகாது. இதையெல்லாம் புறப்படும்போது லெட்சுமி அக்காவிடமும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒங்க பையில இருக்கிறது என்னாங்க டீச்சர்?" என்றார்.

பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். தன் டின்னோடு சேர்த்து அடுப்படிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.