தேவசகாயம் அண்ணன் சாப்பிட்ட பீங்கான் தட்டு

தேவசகாயம் அண்ணன் போய்விட்டார். முந்தாநாள் காலையில். நேற்று அடக்கமும் முடிந்தது.

திருமுடிவாக்கத்தில் ஒரே பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் லேத், நான் பாலீஷ். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் நெட்டில் போட டைப் பண்ணுகிறாள்.

அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது... ஏன் என்று சொல்கிறேன்.

மத்தியானம் நாங்களெல்லாம் டிபன் பாக்ஸிலேயே சாப்பிடுவோம். அண்ணன் மட்டும் டவலில் சுற்றி ஒரு பீங்கான் தட்டு கொண்டுவருவார். வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு. அவங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த செட்.

"இன்னாண்ணே, கவர்னர் வூட்டு விருந்தா?" என்று நான் சேர்ந்த முதல் நாளே கிண்டல் பண்ணினேன்.

"மோர் சோறுடா. எங்கம்மா, பிஷப் வருவாருன்னு இத பரண்லயே வெச்சிருந்துச்சு. அவரும் வரல, அம்மாவும் போய்டுச்சு. ஒரு வாய் இதுல துன்னதில்ல. அதான் நான் துன்றேன்."

ஒருநாள் நானே கழுவித் தருகிறேன் என்று வாங்கிப்போனேன். கையெல்லாம் ஆயில் பிசுக்கு. குழாயடியில் நழுவி மூன்று துண்டு.

துண்டுகளை ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"சாப்ட்டு முடிச்சப்புறந்தானே ஒடச்ச? வுடு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் டவலைப் பிரித்தால்... இரண்டு தட்டு.

"ஒண்ணு ஒனக்கு. அடுத்தவன் தட்டுன்னாதான் கை நடுங்கும்."

பட்டறையை மூடும்வரை அதில்தான் சாப்பிட்டேன். அப்புறம் அவர் ஊரப்பாக்கத்தில் மகன் வீட்டோடு போய்விட்டார். மாசத்தில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்ததும் போன் வரும். தாம்பரத்தில் டிரெயின் ஏறிப் போவேன். அங்கேயும் எனக்கு அதே தட்டுதான். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கும், அதுதான் அடையாளம்.

நேற்று கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்தோம். பேப்பர் தட்டில் இட்லி கொடுத்தார்கள். சாம்பார் ஊற்றியதும் தட்டு மடங்கி, பாதி என் வேட்டியில்.

நிமிர்ந்து பார்த்தால் ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. உள்ளே லைட். அண்ணன் தட்டுகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. என்னுடையதும்... சில்லு பளிச்சென்று தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

அவர் மகன் சாமைக் கூப்பிட்டேன். "தம்பி, அதுல ஒண்ணு எடுத்து இட்லிய போட்டுக் குடுப்பா."

"இல்ல அங்கிள், அப்பா ஞாபகமா வெச்சிருக்கோம். இனிமே அத எடுக்கறதில்ல."

"போன வாரம்கூட அவரு அதுலதானேப்பா சாப்ட்டாரு?"

"அதனாலதான் அங்கிள்" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

நல்ல பிள்ளை. ஆஸ்பத்திரியில் அப்பாவை விட்டு நகராமல் கிடந்தவன். அவனைத் திட்டவும் வாய் வரவில்லை, அந்த இட்லியைத் தின்னவும் மனசு வரவில்லை. கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. அம்மா பரணில் வைத்தாள், மகன் கீழே இறக்கினான், பேரன் மறுபடி பூட்டிவிட்டான். லைட் வேறு போட்டு!

"அப்பா, இதெல்லாம் வேணாம்பா, சாம் அண்ணன் பாப்பாரு" என்கிறாள் என் மகள்.

பார்க்கட்டும். அவன் பார்க்கத்தான் சொல்கிறேன்.

சாம், வர்ற ஞாயிறு வருவேன். எனக்கு மட்டும் எடுத்து வைக்காதே. நீ, உன் பெண்டாட்டி, பிள்ளைகள், எல்லோருக்கும் வை. ரசம் சோறு போதும். இந்த ஞாயிறு முடியாதென்றால் அடுத்த ஞாயிறும் வந்து கேட்பேன். வெட்கப்பட மாட்டேன்.

அண்ணே, நேற்று உங்க வீட்டில் சாப்பிடாமல் எழுந்து வந்துட்டேன். மனசுல வெச்சுக்காம போய் வாங்க.