சூதாடிக்குக் கோபம் வராது

பழைய கறுப்பு வெள்ளைப் படம். சூதாட்டத்தால் அழிந்த ஒருவனின் கதை. 'இதுக்கு மேல யாரும் எடுக்க முடியாது' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன்... ஏமாற்றம்.

ஹீரோ தோற்கிறார், வீட்டுக்கு வந்து கத்துகிறார். மனைவி பாடுகிறார். மறுபடி தோல்வி, மறுபடி கத்தல், மறுபடி பாட்டு. கடைசியில் குழந்தைக்குக் காய்ச்சல். சீட்டுக்கட்டை அடுப்பில் போட்டுத் திருந்திவிடுகிறார். அவ்வளவு சுலபமா?

படத்தைவிட, அதைப் போட்டுக் காட்டிய ஆள்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஓசூரில் எனக்குப் பக்கத்துப் போர்ஷன் மாதேஷ். அஞ்செட்டிக்காரர், கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவருடைய சீட்டாட்டம் தாங்காமல்தான் மனைவி சுமதி மகளைக் கூட்டிக்கொண்டு காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போனார். "விட்டுட்டேன், வந்துரு" என்று இவர் கெஞ்சியதில் இப்போது வந்திருந்தார். தங்குவதா, திரும்புவதா? அங்கே சுமதிக்கு ஒரு வேலை இருக்கிறது. விட்டால் மறுபடி கிடைக்காது.

அந்த நேரம் பார்த்து மாதேஷ் எங்களுக்குப் போட்டுக் காட்டியதுதான் இந்தப் படம். கிளைமாக்ஸில் மாதேஷ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா சுமதி, நானும் இப்படித்தான் திருந்திட்டேன்."

"அவனுக்குப் பாட ஒருத்தி இருந்தா. எனக்குப் பாட வராது."

குழாயடியில் சுமதி என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. நெஜமா வுட்டுட்டாரா?"

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன். லாரி ஷெட், ஓட்டல் மாடி, செங்கல் சூளை — எங்கும் சீட்டாடிகளோடு படுத்து எழுந்திருக்கிறேன். படத்தில் வருவதுபோல் கத்துகிறவர்கள் குறைவு. ஆடப் போகிற நாளில் சூதாடியைப்போல நல்லவன் கிடையாது. கேட்காமலே டீ வாங்கி வருவான்.

"தெரியலம்மா. ஆனா ஆடப் போற அன்னைக்கு ரொம்ப நல்லவங்களா ஆயிருவாங்க."

சுமதியின் குரல் இறங்கியது. "காலையிலருந்து வீடு கூட்டுறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் அவருதாண்ணா..."

சாயங்காலம் மாதேஷ் பையை எடுத்தார். "பாகலூர்ல தக்காளி ஃப்ரெஷ்ஷா இருக்கும். போயிட்டு வந்துர்றேன்."

ஓசூர் மார்க்கெட்டில் இல்லாத தக்காளியா? பாகலூர்ப் பக்கம், எல்லையோரமாக ஒரு புளியந்தோப்பு உண்டு. சீட்டாட்டம் அங்கேதான். தமிழ்நாட்டு போலீஸ் வந்தால் ஜமுக்காளத்தை இழுத்துக் கர்நாடகாவில் போட்டு உட்கார்வார்கள். அந்தப் பக்கத்து போலீஸ் வந்தால், இந்தப் பக்கம்.

"நாங்களும் வர்றோம்" என்று மகளைத் தூக்கிக்கொண்டு சுமதி பைக்கில் ஏறினார்.

தக்காளியோடுதான் திரும்பினார்கள். நல்ல தக்காளி. மாதேஷ் முகத்தில் பரீட்சையில் பாஸான சிரிப்பு. "தோப்பு வழியாத்தாண்ணா போனோம். திரும்பிக்கூடப் பாக்கல. வேணும்னா இவளையே கேளுங்க."

சுமதி மறுக்கவில்லை.

மறுநாள் மாதேஷ் ஷிஃப்டுக்குப் போன பிறகு சுமதி மகளோடு கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் வரை பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"அவர் திரும்பிப் பாக்கலதாண்ணா. ஆனா அந்த எடம் வந்ததும் வண்டி மெதுவாப் போச்சு. அங்க பள்ளம் கெடையாது, ஸ்பீட் பிரேக்கரும் கெடையாது."

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

மாதேஷ் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "ஒரு வார்த்த சண்ட போடலையேண்ணா... ஏன் போயிட்டா?"

சண்டை போடுகிறவர்கள் தங்குவதற்காகத்தான் போடுகிறார்கள். இதை எப்படி அவரிடம் சொல்வது?