பசுமைப் பகுதியில் அரைக்கீரை

விதிப்படி, ஆலை வளாகத்தின் பசுமைப் பகுதியில் புல்லும் அழகுச் செடிகளும் மட்டுமே வளர்க்கலாம். ஒரகடத்தில் நான் நிர்வாக அதிகாரியாக இருந்தபோது, வடக்குப்பட்டிலிருந்து வந்த தோட்டக்கார அம்மா அங்கே அரைக்கீரை போட்டிருந்தார். மெலிந்த உடம்பு, புடவைமேல் ஆண்கள் சட்டை. மறுபடி துளிர்க்கட்டும் என்று நுனியை மட்டும் கிள்ளுவார். அவர் கடைந்துவந்த கீரையை மதியம் நானும் வாங்கிச் சாப்பிட்டவன்தான். ஆடி மாதத் தணிக்கைக்கு முன் பிடுங்கச் சொன்னேன்.

"இதுவும் பச்சையாத்தானே கீது சார்? துன்னும்போது தெரியலியா?"

விளக்கம் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வரும்வரை விதி விதிதான் என்றேன். வேரோடு பிடுங்கிப் போட்டார். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

கீரையும் பசுமையே என்று பதில் வந்தது, பொங்கல் விடுமுறை முடிந்த அன்று.